ரிடண்டன்சிக்குப் பிறகு: ஜே.எஸ்.ஏ.வா, யூனிவர்சல் கிரெடிட்டா? வாடகைக்கும் மோர்ட்கேஜுக்கும் என்ன வழி?

லண்டனிலோ லெஸ்டரிலோ ஒரு தமிழ் வீட்டில் ரிடண்டன்சியில், அதாவது ஆட்குறைப்பில், வேலை போனால், முதல் வாரமே இரண்டு விதமான ஆலோசனை வந்து சேரும். "உடனே யூனிவர்சல் கிரெடிட் போடு, ஒரு நாளும் விடாதே" என்பார் ஒருவர். "கையில் ரிடண்டன்சி காசு இருக்கிறது, அது முடியட்டும், அதுவரை பெனிஃபிட் பக்கமே போகாதே" என்பார் இன்னொருவர். இரண்டும் சிலருக்குப் பொருந்தும், பலருக்கு நஷ்டம் தரும். உங்களுக்கு எது சரி என்பதை மூன்று விவரங்கள் முடிவு செய்கின்றன: உங்கள் விசா, வங்கியில் இருக்கும் தொகை, நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களா சொந்த வீட்டிலா என்பது. இவற்றோடு விண்ணப்பிக்கும் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பம் ஒன்பது நாள் முந்தியோ பிந்தியோ விண்ணப்பித்தால் முதல் மாதப் பணம் பல நூறு பவுண்ட் மாறலாம்.

யூனிவர்சல் கிரெடிட் என்பது குடும்பத்தின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து மாதாமாதம் தரும் அரசு உதவி. ஜே.எஸ்.ஏ. (ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்) என்பது நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியவர் வேலை தேடும்போது பெறும் உதவி, அதன் இப்போதைய வடிவத்துக்கு 'நியூ ஸ்டைல்' என்று பெயர். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் சில விதிகள் வேறு. தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை, ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் நகரும்.

முதலில் விசா

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், சிலருக்கு மற்ற ஒப்பீடெல்லாம் தேவையே இல்லாமல் போய்விடும். சென்னையிலிருந்து ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்து ஐ.டி.யிலோ கேர் ஹோமிலோ வேலை பார்ப்பவர்களின் அனுமதியில் 'பொது நிதி கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, சைல்டு பெனிஃபிட், கவுன்சில் வீடு எல்லாம் அந்தப் பொது நிதிப் பட்டியலில் வரும். அவற்றை எடுத்தால் விசாவுக்கே ஆபத்து. நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது நீங்கள் கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸிலிருந்து வருவது. ஆனால் இவர்களுக்கு உண்மையான கெடு வேறு. வேலை போனதை ஸ்பான்சர் ஹோம் ஆபீசுக்குத் தெரிவிப்பார். அங்கிருந்து வரும் கடிதம் வழக்கமாக 60 நாள் தரும். அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். ஆகவே பெனிஃபிட் கணக்கை ஒரு மாலை நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரத்தை வேலை தேடுவதில் போடுங்கள்.

கணவருக்கு விசா, மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை என்ற கலப்புக் குடும்பம் என்றால், மனைவி தனி ஆளாக யூனிவர்சல் கிரெடிட் பெறலாம். தொகை ஒற்றை ஆளுக்கு உரியதுதான், ஆனால் கணவருடைய வருமானமும் சேமிப்பும் கணக்கில் சேரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று போய்க் குடியுரிமை எடுத்து, பிறகு இங்கே வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள். செட்டில்ட் ஸ்டேட்டஸ் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. ப்ரீ-செட்டில்ட் (தற்காலிக அனுமதி) என்றால் அந்த ஸ்டேட்டஸ் மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போதாது. 'வசிக்கும் உரிமை' என்ற தேர்விலும் தேற வேண்டும். வேலை பார்க்கும்வரை அது தானாக இருக்கும். வேலை போன பிறகும் அதைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்: நீங்களாக விடாமல் வேலை போயிருக்க வேண்டும், ஜாப் சென்டரில் வேலை தேடுபவராகப் பதிந்திருக்க வேண்டும். இவர்கள் "காசு முடியட்டும், பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடவே கூடாது. தாமதம் நீண்டால் உரிமையே கேள்விக்குள்ளாகும். பணம் தேவைப்படாவிட்டாலும் நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ.வையாவது உடனே போட்டு வையுங்கள்.

கைக்கு வருவது எவ்வளவு, எந்தப் பெயரில்

ரிடண்டன்சி காசு என்று மொத்தமாகச் சொல்கிறோம். அரசுக்கு அது மூன்று நான்கு வேறு பொருட்கள். சட்டப்படியான ரிடண்டன்சி தொகைக்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலை வேண்டும். 22 முதல் 40 வயதுவரை வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம், 41க்கு மேல் ஒன்றரை வாரம், அதிகபட்சம் 20 ஆண்டு. வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 719 பவுண்ட். 44 வயதில் பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 11.5 வாரம், அதாவது 8,268 பவுண்ட் சொச்சம். நிறுவனம் இதற்கு மேல் தந்தால் நல்லது. மொத்தம் 30,000 பவுண்ட்வரை வருமான வரி இல்லை.

நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகத் தரும் பணமும், எடுக்காத விடுப்புக்கான பணமும் வேறு கதை. அவை சம்பளம். வரி பிடிப்பார்கள். யூனிவர்சல் கிரெடிட் கணக்கிலும் அவை சம்பளமாகவே விழும், ரிடண்டன்சி தொகையோ சேமிப்பாக விழும். இந்த வித்தியாசம் பின்னால் விண்ணப்பத் தேதியைத் தீர்மானிக்கும்போது முக்கியமாகிறது. பேஸ்லிப்பில் எந்தத் தொகை எந்தப் பெயரில் இருக்கிறது என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனமே திவாலாகிவிட்டால் அரசின் ரிடண்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸிடம் கேட்கலாம்.

தானாக முன்வந்து ரிடண்டன்சி எடுத்தால் பெனிஃபிட்டை நிறுத்துவார்கள் என்று ஒரு பயம் உலவுகிறது. அது வேலையை ராஜினாமா செய்ததாக ஆகாது, அதற்காகத் தண்டனையும் இல்லை.

ஜே.எஸ்.ஏ.வும் யூனிவர்சல் கிரெடிட்டும்

நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. 25 வயதுக்கு மேல் வாரம் 92.05 பவுண்ட், அதிகபட்சம் ஆறு மாதம். சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் பார்க்க மாட்டார்கள். கணவனோ மனைவியோ எவ்வளவு சம்பாதித்தாலும் பார்க்க மாட்டார்கள். கடந்த இரண்டு மூன்று ஆண்டு ஊழியராக இருந்து போதிய நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் பலருக்கு இடிக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்தவர்கள் கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் இதற்குச் செல்லாது. கடையில் முழு வாரம் நின்று, பேஸ்லிப்பில் பாதி மணி நேரம் மட்டும் காட்டி மீதியைக் கையில் வாங்கியவர்களுக்கும் பதிவு போதாமல் போகலாம். அந்தந்த ஆண்டின் குறைந்தபட்ச வரம்புக்குக் (2025-26இல் வாரம் 125 பவுண்ட்) குறைவாகப் பதிவாகியிருந்தால் அந்த வாரங்கள் கணக்கில் வராது.

இந்த ஜே.எஸ்.ஏ.வை எடுக்க வெட்கப்படுபவர்கள் உண்டு. "நாங்கள் பெனிஃபிட் எடுக்கிற ஆட்கள் இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசு அது. காருக்கு இன்ஷூரன்ஸ் கட்டிவிட்டு, இடிபட்ட பிறகு கிளெய்ம் போட வெட்கப்படுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

யூனிவர்சல் கிரெடிட் முற்றிலும் வேறு இயந்திரம். குடும்பம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும். 25 வயதுக்கு மேல் தம்பதியின் அடிப்படைத் தொகை மாதம் 628.10, தனி ஆளுக்கு 400.14. அதற்கு மேல் பிள்ளைகளுக்கு, வாடகைக்கு என்று சேர்ந்துகொண்டே போகும். சேமிப்பு 6,000 பவுண்ட்வரை தொந்தரவு இல்லை. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 கழிப்பார்கள். 16,000ஐத் தாண்டினால் ஒரு பென்னிகூட இல்லை. தம்பதிக்கும் தனி ஆளுக்கும் இதே வரம்புதான், அது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளி லண்டனில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம். 2014இலும் 2018இலும் பிறந்த இரண்டு பிள்ளைகள். கணவருக்கு வேலை போய்விட்டது, மனைவி பகுதி நேர வேலையில் மாதம் 900 பவுண்ட் கையில் வாங்குகிறார். வாடகை 1,700. அவர்கள் பகுதிக்கு அரசு ஒப்புக்கொள்ளும் வாடகை 1,500 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 628.10, பிள்ளைகளுக்கு 339ம் 292.81ம், வாடகைக்கு 1,500. மொத்தம் 2,759.91. மனைவியின் சம்பளத்தில் முதல் 411ஐ விட்டுவிட்டு மீதியில் 55 சதவீதம், அதாவது 268.95 கழியும். மிஞ்சுவது மாதம் 2,491 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இது சேமிப்பு 6,000க்குள் இருந்தால். 10,000 இருந்தால் மேலும் 69.60 கழியும், பெரிய வித்தியாசம் இல்லை. 20,000 இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் பூஜ்யம், கணவருடைய ஜே.எஸ்.ஏ. மாதம் ஏறத்தாழ 399 மட்டும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து 2,393.

ஆக, 16,000க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது ஜே.எஸ்.ஏ.வா யூனிவர்சல் கிரெடிட்டா என்ற கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் ஜே.எஸ்.ஏ. மட்டும். கீழே இருந்தால் இரண்டும்.

இரண்டையும் ஏன் போட வேண்டும்? ஜே.எஸ்.ஏ. வரும் அளவுக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் அப்படியே கழித்துவிடுவார்கள், மொத்தம் கூடாது. ஆனால் யூனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். ஜே.எஸ்.ஏ. முதல் ஏழு நாளை விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். அந்த ஐந்து வாரத்தைத் தாண்ட ஜாப் சென்டர் அட்வான்ஸ் தருகிறேன் என்று சொல்லும்; வட்டி இல்லை, ஆனால் அடுத்த 24 மாதத்துக்குள் உங்கள் பணத்திலிருந்தே திரும்பப் பிடிப்பார்கள். ஜே.எஸ்.ஏ.வைத் திருப்பித் தர வேண்டாம். அதோடு ஜே.எஸ்.ஏ. தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் கிரெடிட் முதல் வகுப்பு, பின்னால் நோய்க்கால உதவி போன்றவற்றுக்கும் செல்லும். யூனிவர்சல் கிரெடிட் தருவது மூன்றாம் வகுப்பு, ஓய்வூதியத்துக்குத்தான் உதவும்.

யூனிவர்சல் கிரெடிட்டில் பணத்தைத் தவிர வேறொரு செலவும் உண்டு. தம்பதி இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், வேலை தேடுவது பற்றி இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம். கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டால், வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாயையும் வாரம் 30 மணி நேரம்வரை வேலை தேடவோ செய்யவோ சொல்லலாம். "அவருக்குத்தானே வேலை போனது, என்னை ஏன் கூப்பிடுகிறார்கள்" என்று பலர் திகைப்பது இதனால்தான். ஜே.எஸ்.ஏ. மனைவியைத் தொடாது. ஆங்கிலம் சிரமம் என்றால் ஜாப் சென்டரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துப் போகத் தேவையில்லை.

உங்கள் துறையில் மட்டும் வேலை தேட ஜாப் சென்டர் தரும் அவகாசம் முன்பு மூன்று மாதம். 2022 முதல் நான்கு வாரம்தான். அதற்குப் பிறகு இன்ஜினியரானாலும் கிடங்கு வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். இரண்டு உதவிக்கும் இது பொருந்தும்.

எந்த நாளில் பொத்தானை அழுத்துவது

ஜே.எஸ்.ஏ.வை வேலை முடிந்த மறுநாளே போடலாம். நோட்டீஸ் பணம் வாங்கியிருந்தால் தொடக்கம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். தக்க காரணம் இருந்தால் மூன்று மாதம்வரை பின்தேதியிட்டும் கேட்கலாம்.

யூனிவர்சல் கிரெடிட் அப்படி மன்னிக்காது. பின்தேதி அதிகபட்சம் ஒரு மாதம், அதுவும் நோய் போன்ற சில காரணங்களுக்கு மட்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து ஒரு மாதம் உங்கள் முதல் கணக்கு மாதம். அந்த மாதத்துக்குள் வங்கிக்கு வரும் எந்தச் சம்பளமும் கழியும். வேலை 20ஆம் தேதி முடிகிறது, கடைசிச் சம்பளமும் நோட்டீஸ் பணமும் விடுப்புப் பணமும் சேர்ந்து 28ஆம் தேதி வருகிறது என்று வையுங்கள். 20ஆம் தேதி விண்ணப்பித்தால் அந்தப் பெரிய தொகை முதல் கணக்கு மாதத்தில் விழுந்து, முதல் பணத்தை முழுவதுமாகவே விழுங்கிவிடலாம். 29ஆம் தேதி விண்ணப்பித்தால் அது வெறும் சேமிப்பு. ஒன்பது நாள் தள்ளியதற்காக ஒன்பது நாள் உரிமை போகும், அது சின்ன நஷ்டம். கடைசிச் சம்பளம் சிறியது, நோட்டீஸ் பணம் இல்லை என்றால் காத்திருப்பதில் பொருளில்லை, உடனே போட்டுவிடுங்கள்.

16,000க்கு மேல் காசு

மேலே பார்த்த குடும்பத்திடம் 20,000 இருக்கிறது, கிரெடிட் கார்டில் 5,000 கடனும் இருக்கிறது. கடனை அப்படியே வைத்துக்கொண்டு காசைப் பத்திரப்படுத்துவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கடனைக் கட்டிவிட்டால் சேமிப்பு 15,000. யூனிவர்சல் கிரெடிட் திறந்துவிடும், சேமிப்புக்காக 156.60 கழிந்தாலும் மாதம் 2,334 பவுண்ட் வரும். கடனைக் குறைப்பதையோ அடைப்பதையோ, நியாயமான பொருள் வாங்குவதையோ காசைக் குறைக்கும் தந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதியே சொல்கிறது. மோர்ட்கேஜின் அசலில் ஒரு பகுதியைக் கட்டுவதும் இதில் அடங்கும், ஆனால் அந்தக் காசை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிர், ஊருக்கு அனுப்புவது. யாழ்ப்பாணத்தில் தம்பிக்கு வீடு கட்ட 8,000 அனுப்பினேன், இப்போது என்னிடம் 12,000தான் என்றால், பெனிஃபிட் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபி ஒப்புக்கொள்ளாது. அந்தக் காசு இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்குப் போடும். உறவினரிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னால், வாங்கிய நாளில் வங்கிக்கு வந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

ஊரில் இருக்கும் சொத்தும் கணக்கில் வரும். சென்னையில் வாங்கிப் போட்ட மனையும் கொழும்பு ஃபிளாட்டும் சேமிப்புதான், சொல்லாமல் விடுவது மோசடி. ஆனால் அந்த வீட்டில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய உங்கள் பெற்றோர் குடியிருந்தால் அதை விட்டுவிடுவார்கள். இந்த விலக்கு பலருக்குத் தெரியாது. நகையும் சேமிப்பில் சேராது, அது சொந்த உடைமை. எடுக்காமல் இருக்கும் பென்ஷன் பணமும் சேராது. எடுத்த நாளிலிருந்து சேரும். எனவே 55 வயதைத் தாண்டியவர்கள் பயத்தில் பென்ஷனை உடைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடைக்கக் கடன் ஏதும் இல்லை, காசு 16,000க்கு மேலேதான் என்றால் ஜே.எஸ்.ஏ.வோடு அன்றாடச் செலவுக்கு அந்தக் காசை எடுத்துக்கொண்டு போங்கள். மாதம் 1,700 பற்றாக்குறை உள்ள குடும்பம் 20,000த்திலிருந்து 16,000க்கு வர இரண்டரை மாதம்கூட ஆகாது. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்து, கோட்டைத் தொட்ட அன்றே விண்ணப்பியுங்கள். "முழுவதும் முடியட்டும்" என்று 3,000க்கு வரும்வரை இருந்தால் அரை ஆண்டுக்கும் மேல் கிடைத்திருக்க வேண்டிய பணம் போய்விடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்

யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் வாடகைப் பங்கு அடக்கம், தனியாக விண்ணப்பம் இல்லை. ஜே.எஸ்.ஏ. மட்டும் எடுப்பவருக்கு வாடகை உதவி கிடையாது. தனியார் வீட்டுக்கு எல்.எச்.ஏ. என்ற வரம்பு உண்டு, பகுதிக்கும் அறை எண்ணிக்கைக்கும் ஏற்ப. அதைக் கடைசியாக உயர்த்தியது 2024 ஏப்ரலில். அன்றே அது 2023 செப்டம்பர் வாடகைகளை வைத்துப் போட்ட கணக்கு, பிறகு அப்படியே உறைந்து நிற்கிறது. எனவே இடைவெளி இருக்கும் என்றே எதிர்பாருங்கள். 35 வயதுக்குக் கீழ் தனி ஆள் என்றால் ஒற்றை அறைக்கான வாடகைதான். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்களுக்குப் பொதுவாக முழு வாடகையும் வரும், ஓர் அறை கூடுதல் என்றால் 14 சதவீதம் குறைப்பார்கள்.

இடைவெளியைச் சமாளிக்க வழிகள் சில. கவுன்சிலிடம் வாடகைக்கான கூடுதல் உதவி கேட்கலாம். இங்கிலாந்தில் பழைய விருப்புரிமை வீட்டு உதவிக்குப் பதிலாக 2026 ஏப்ரல் முதல் நெருக்கடிக்கால நிதி ஒன்று வருகிறது. உரிமையாளரிடம் ஆறு மாதத்துக்கு வாடகையைக் குறைக்கக் கேட்பது, நம் ஆட்கள் உரிமையாளராக இருக்கும் வீடுகளில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மலிவான ஊருக்குப் பெயர்வது தாளில் நன்றாக இருக்கும், ஆனால் டெபாசிட், பிள்ளைகளின் பள்ளி, அடுத்த வேலை எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் மூன்று மாதத்தில் அது அவசர முடிவு.

பெனிஃபிட்டுக்கு மொத்த உச்சவரம்பு ஒன்று உண்டு. லண்டனில் தம்பதிக்கு மாதம் 2,110.25, வெளியே 1,835. நம் உதாரணக் குடும்பத்துக்கு அது பொருந்தாது, ஏனென்றால் மனைவி 846 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கிறார். அவர் வேலை நேரத்தைக் குறைத்து 800 வாங்கினால் வரம்பு வந்து இடிக்கும். மனைவிக்கும் வேலை போய்விட்டாலும், கடந்த 12 மாதமும் அந்த அளவு சம்பாதித்திருந்தால் ஒன்பது மாதச் சலுகைக் காலம் உண்டு. அது உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று ஜர்னலில் (யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் செய்திப் பகுதி) எழுதிக் கேளுங்கள், தானாக வராமலும் போகலாம்.

உறவினர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர், பிள்ளை, அண்ணன் தம்பி அக்கா தங்கை ஆகியோரின் வீட்டில் அவர்களோடு சேர்ந்து வசித்தால் வாடகைப் பங்கு இல்லை. மாமா, சித்தப்பா வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உண்மையான வாடகை ஒப்பந்தமும், மாதாமாதம் வங்கி வழியாகப் போன பணமும் காட்ட வேண்டும். வேலை போன மறுநாள் எழுதிய ஒப்பந்தத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

வாடகை பாக்கி விழுந்துவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போவது மரியாதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அது ஆபத்து. தானாக வெளியேறியவரை 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று கவுன்சில் சொல்லிவிடலாம், பிறகு நிரந்தர உதவி கிடைப்பது கடினம். 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றால் உங்களுக்கு உதவுவது கவுன்சிலின் கடமை. அப்போதே போய்ப் பதிவு செய்யுங்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு இல்லை. கட்டாயம் வெளியேற்றும் பாக்கி அளவும் இரண்டு மாதத்திலிருந்து மூன்றாக உயர்கிறது, நோட்டீஸ் நான்கு வாரம். மூச்சு விட அவகாசம் இருக்கிறது. ஷெல்டர் அமைப்பின் ஆலோசனை இலவசம்.

சொந்த வீடு, மோர்ட்கேஜ்

இங்கே அரசு உதவி மெலிந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் மோர்ட்கேஜுக்குப் பங்கு இல்லை. அதே குடும்பம் சொந்த வீட்டில் இருந்தால் அவர்களுக்கு வருவது மாதம் 1,141 பவுண்ட் மட்டும். மோர்ட்கேஜ் வட்டி உதவி என்று ஒன்று உண்டு. 2018 முதல் அது கடன், வீட்டின் மேல் அடமானமாக ஏறும், அதற்கும் வட்டி உண்டு. வீட்டை விற்கும்போதோ மாற்றி எழுதும்போதோ திருப்பித் தர வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் மூன்று மாதம் தொடர்ந்து வாங்கிய பிறகே கிடைக்கும், 2 லட்சம் பவுண்ட் கடன்வரைக்கும் மட்டும். அதுவும் உங்கள் வங்கி வட்டிக்கு அல்ல, அரசு வைக்கும் ஒரே வீதத்துக்கு. அரசு வீதம் 3 சதவீதம், உங்கள் வட்டி 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சத்துக்கு மாதம் 500 வரும், நீங்கள் கட்ட வேண்டிய வட்டி மட்டும் 833.

ஆகவே முதலில் வங்கிக்குத்தான் போன் செய்ய வேண்டும். 2023இல் வந்த மோர்ட்கேஜ் சாசனப்படி, பாக்கி இல்லாதவர்கள் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம், கிரெடிட் ஸ்கோர் கெடாது. 'பாக்கி இல்லாதவர்கள்' என்பதைக் கவனியுங்கள்: ஒரு தவணை தவறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். அரசின் கடனை இதோடு ஒப்பிட்டால் வங்கி வழி மலிவு, வேகம். ஆறு மாதத்தில் வேலை கிடைக்காது என்று தெரிந்தால் மூன்றாம் மாதமே அரசுக் கடனுக்கும் போடுங்கள்.

சொந்த வீட்டுக்காரருக்கு மூன்றாவது வழி, ஓர் அறையை வாடகைக்கு விடுவது. வீட்டில் உங்களோடு தங்கும் லாட்ஜர் தரும் வாடகையை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாக எடுப்பதில்லை. ஜே.எஸ்.ஏ.வும் தொடாது. ஆண்டுக்கு 7,500 பவுண்ட்வரை வரியும் இல்லை. மாதம் 600 வந்தால் அரசு தரும் கடனைவிடப் பெரிது, திருப்பித் தரவும் வேண்டாம். வங்கிக்கும் வீட்டு இன்ஷூரன்ஸுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் முன்பின் தெரியாதவரை ஏற்பது எல்லோருக்கும் ஒத்துவராது, அது வேறு விஷயம்.

மறந்துபோகும் மூன்று

கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்கு கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், யூனிவர்சல் கிரெடிட் போட்டால் தானாக வந்துவிடாது. வேலை செய்யும் வயதினரை எப்படியும் ஒரு பங்காவது கட்டச் சொல்லும் கவுன்சில்களும் உண்டு. சம்பளம் 60,000ஐத் தாண்டியதால் சைல்டு பெனிஃபிட் பணத்தை நிறுத்தி வைத்தவர்கள் அதைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள், இரண்டு பிள்ளைக்கு மாதம் 188 பவுண்ட் அளவு. ஆண்டின் நடுவில் வேலை போனவருக்குப் பெரும்பாலும் வரி திரும்ப வரும், ஆனால் ஜே.எஸ்.ஏ.வுக்கு வரி உண்டு என்பதால், அதை வாங்கும்போது பழைய நிறுவனம் தரும் பி45 படிவத்தை ஜாப் சென்டரிடம் கொடுக்க வேண்டும்.

டிடபிள்யூபியின் முடிவு தவறு என்று பட்டால், கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். ஜர்னலில் எழுதினாலே போதும், காரணத்தை விவரமாக எழுதுங்கள். அதுவும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம், அதற்கும் ஒரு மாதம்தான். சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக உதவும். சேமிப்பு, ரிடண்டன்சி தொகை, கடைசிச் சம்பளத் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை சுலபம்.